பாட்ஸ்பியோர்டில் ஓர் அடக்க ஆராதனை

எழுபது வயதைத் தாண்டிய எங்கள் பாஸ்டர் மறுபடியும் வடக்கே ஊழியத்துக்குப் போகிறேன் என்று அறிவித்த ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவின் புருசெத் பகுதிச் சபையில் ஒருவர்கூட ஆமென் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து இளைஞராக வந்து, நோர்வேயின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட் தொழிற்சாலையில் மீன் வெட்டியவர் அவர். தொழிலாளர் விடுதியின் சமையலறையில் கூடிய சிறு ஜெபக்கூட்டந்தான் அவருடைய முதல் சபை. பிறகு ஒஸ்லோவில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு சபை, பக்கத்து ஊரான லில்லெஸ்ட்ரோமில் இன்னொன்று. நான் நடை பழகியதே முழங்காலில் நின்றவர்களின் தோள்களைப் பிடித்துத்தான் என்று அம்மா சொல்லுவார்.

"அந்தக் குளிருக்கை போய் இனி என்ன செய்யப் போறியள்?" என்று அப்பா கேட்டார்.

"அங்கை இப்ப வேற நாட்டுச் சனம் மீன் வெட்டுது. அதுகளுக்கு ஆர் இருக்கினம்? போய்ப் பாப்பம்."

பாஸ்டரின் மனைவியிடம் நான் தனியாகக் கேட்டேன். "இந்த மனுசனோடை பெட்டி கட்டிப் பழகீட்டுது, பிள்ளை" என்றார்.

மறு வருடம் மாசி மாதம், நான் வேலை செய்யும் மருத்துவமனையில் லீவு எடுத்துக்கொண்டு அவர்களைப் பார்க்கப் போனேன். நான் இறங்கிய அன்றிரவே புயல் தொடங்கியது. விமானம் நின்றது, மலைப்பாதையை மூடிவிட்டார்கள்.

ஞாயிறு காலை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் பழைய வலைக்கிடங்கின் மேல்மாடியில் ஆராதனை. லித்துவேனியர், பிலிப்பினோக்கள், எரித்திரியர் என்று ஒரு சின்னக் கூட்டம். பிரசங்கம் நோர்வேஜிய மொழியில். அங்கே இருந்தவர்களில் ஒஸ்லோவில் பிறந்த எனக்கு மட்டுமே அது சரளம். பாஸ்டரின் வசனங்கள் பாதியில் முறிந்தன. ஆனாலும் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் கதவு திறந்தது. ஒரு லித்துவேனியர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார். ஊரில் தாய் இறந்துவிட்டார், புயலால் போக முடியவில்லை என்றார்.

"அடக்கம் எப்போது?" என்று பாஸ்டர் கேட்டார்.

"இப்போது."

பாஸ்டர் வேதப்புத்தகத்தை மூடினார். "அப்படியென்றால் நாங்களும் இப்போது" என்றார்.

மேசையில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். அந்த மனிதர் நோர்வேஜிய மொழியில் தொடங்கினார், சொற்கள் போதவில்லை. தன் மொழிக்கு மாறினார். நீண்ட நேரம் பேசினார். பாஸ்டர் அவர் கையைப் பிடித்தபடி தலையசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தாய் பாடும் பாட்டு ஒன்றை அந்த மனிதர் பாட முயன்றார், குரல் உடைந்தது. எரித்திரியப் பெண் ஒருத்தி அந்த மெட்டைப் பிடித்து முனகினாள். மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, அவர் மறுபடி பாடினார். சொல் தெரியாத அந்தப் பாட்டு முழுதாகப் பாடி முடிந்தது.

பாஸ்டர் தமிழில் ஜெபித்தார். அவர் எங்கே முடித்தார் என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் ஒரே குரலில் ஆமென் என்றார்கள். எத்தனையோ ஆராதனைகளில் இருந்தவள் நான். அன்றைக்குத்தான் என் கால்கள் தாமாக முழங்காலிட்டன.

பிறகு தேநீர் ஊற்றும்போது கேட்டேன். "அவர் கதைச்சது விளங்கினதோ, பாஸ்டர்?"

"ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா தாயைப் பற்றித்தானே கதைச்சவர். அதுக்கு மொழிபெயர்ப்பு வேணுமோ?"

பாதை திறந்ததும் அந்த லித்துவேனியர் ஊருக்குப் போய்க் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்தாராம். போன வாரம் பாஸ்டரின் மனைவி தொலைபேசியில் சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமையிலை இப்ப அவர்தான் முதல் ஆளா வாறவர். வாசல் பனியைத் தள்ள இவரை விடுறாரில்லை."