மாமாவுக்குக் கேட்காத ‘ங்க’

மதுரைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வாழ வந்தவள் நான். எங்கள் ஊரில் ‘இல்ல’ என்றால் இல்லை, அவ்வளவுதான். இங்கே அதற்கும் ஒரு வால் வேண்டும்: இல்லீங்க, சரிங்க, ஆமாங்க. வந்த வாரமே மாமனார் ஏதோ கேட்க, “இல்ல மாமா” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. அத்தை அடுப்படிக்குக் கூட்டிப்போய், “இங்க ‘ங்க’ போட்டுப் பேசோணும் கண்ணு. மாமா அதுல கொஞ்சம் கறாரு” என்றார்.

சரி, போட்டால் போயிற்று. அன்றிலிருந்து தேவைக்கு மேலேயே போட்டேன். பனியன் கம்பெனியில் என்னோடு செக்கிங் பார்க்கிறவர்கள், “எங்களவிட நீங்கதானுங்க அதிகமாப் போடறீங்க” என்று கேலி செய்தார்கள். மாமா மட்டும் இறங்கவில்லை. காப்பி வேண்டுமென்றால்கூட அத்தையிடம்தான் சொல்வார். இந்த மனுசனுக்கு இன்னும் என்னதான் மரியாதை வேண்டுமாம் என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நான் அப்பா இல்லாமல் வளர்ந்தவள். இந்த வீட்டில் அந்த ஒரு மனிதர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினால் போதும் என்றிருந்தது.

மாமா சோமனூரில் காலமெல்லாம் தறிச் சத்தத்துக்குள் நின்றவர். டிவியை அலறவிட்டுத்தான் பார்ப்பார். காது கேட்கவில்லை என்று மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார். போன வருடம் ஒருவழியாகக் காது மெஷின் வாங்க அவரைக் கிளப்பினோம். பரிசோதித்த பெண் எங்களிடம் சொன்னார்: “பேச்சுல கடைசியில தேயற சத்தம் இவருக்கு விழறதே இல்லீங்க. ஆனா மூளை சும்மா இருக்காது. விழாத எடத்துல, பழகின எதையாச்சும் அதுவா போட்டு நிரப்பிக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் எத்தனை ‘ங்க’ போட்டு என்ன? வந்த வாரத்து மொட்டை ‘இல்ல’வைத்தான் இவர் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மெஷின் மாட்டிய புதிதில் மாமா பாடு திண்டாட்டம். பிளாஸ்டிக் பை கசங்கினாலே துள்ளுவார். எல்லாம் வெறும் சத்தமாக இருந்ததே தவிர, எதுவும் பேச்சாகவில்லை. கழற்றி வைக்கப் போவார், அத்தை விடமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தங்கள் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. ஒருநாள் காலையில் நான், “தோசை போதுங்களா மாமா?” என்றேன். தட்டிலிருந்து நிமிர்ந்தவர் அத்தையைப் பார்த்து, “இந்தப் புள்ள ‘ங்க’ போட்டுத்தான் பேசுதாட்ட இருக்குது” என்றார்.

“எப்பவும் அப்படித்தானுங்க பேசுது” என்றார் அத்தை.

மாமா என் பக்கம் திரும்பி, “இன்னொண்ணு போடு கண்ணு” என்றார். சந்தோஷத்தில் அந்தத் தோசையைக் கருக்கிவிட்டேன். அதையும் சாப்பிட்டார்.

போன வாரம் மெஷினைக் கழற்றிச் சார்ஜில் போட்டுவிட்டு, மாமா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “பைப்புல தண்ணி வந்திருச்சா கண்ணு?” என்று கேட்டார். கம்பெனிக்குக் கிளம்பும் அவசரத்தில், “இல்ல மாமா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மாமா சிரித்தார். “இன்னும் எதுக்குக் கண்ணு இல்லீங்க, சரிங்கன்னுட்டு? நம்ம ஊட்டுக்குள்ள சும்மா இல்லைன்னே சொல்லு.”

நான் அந்த ‘ங்க’வைப் போடவே இல்லை. இந்தமுறை அவராகவே அதைப் போட்டு நிரப்பிக்கொண்டார்.