பையைத் திறந்து காட்டுங்கோ

வெள்ளவத்தையில் ஒரு சுப்பர்மார்க்கட் வாசலில் ஒன்பது வருடம் செக்யூரிட்டியாக நின்றவன் நான். ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்ப்பதுதான் இந்தத் தொழில். என்னைப் போன்ற ஒருவன் முன்னால் பையைத் திறந்து கூசியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். கேட்டவனும் கூசித்தான் நின்றான்.

பொம்மைக் கமரா

கடையில் ஆறு கமரா. வேலை செய்தது இரண்டுதான். மற்றவை வெறும் பிளாஸ்டிக் கூடு. "கள்ளனுக்குப் பயம் வந்தாச் சரி, வீணா ஏன் சல்லி செலவழிக்கோணும்?" என்பார் மனேஜர். ஒருநாள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் பென்ஷன் காசை மரக்கறிப் பக்கத்தில் யாரோ அடித்துவிட்டார்கள். "கமராவைப் போட்டுப் பாருங்கோ தம்பி" என்று கெஞ்சினார். அவர் தலைக்கு மேல் இருந்தது கூடு. தினமும் அதற்குத் தூசு தட்டியவன் நான். உண்மையைச் சொன்னேன். அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.

"இவ்வளவு நாளும் நான்தான் இதுக்குப் பயந்தனான், கள்ளன் பயப்பிடேல்ல."

பத்து மடங்கு

பிடிபட்டவரிடம் சாமான் விலையைப்போல் பத்து மடங்கு வாங்கிக்கொண்டு விடுவது கடை வழக்கம். பொலிசுக்குப் போனால் சாட்சி சொல்ல நான் புதுக்கடைக் கோர்ட்டில் நாள் முழுக்க நிற்கவேண்டும், கடைக்கு நட்டம். கொட்டாஞ்சேனையிலிருந்து பெயின்ட் அடிக்க வரும் ஒருவர் சட்டைக்குள் டின்மீனோடு பிடிபட்டார். கையில் காசில்லை. ஃபோனைப் பறித்து வைத்தேன். அதில்தான் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று மன்றாடினார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றேன். அங்கே சட்டம் என்று ஒன்று இருக்கவேயில்லை. அது அவருக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப என்னைப் பொலிசுக்கே குடுங்க தம்பி, அங்க மலிவு."

வாசலில் ஒரு படம்

ஆள் பிடித்தால் எனக்குத் தனியாகக் காசு. மகளின் டியூஷன் காசு கட்டவேண்டிய ஒரு மாதக்கடைசியில், பக்கத்து நர்சரி ரீச்சரின் பைக்குள் பில் இல்லாத ஷாம்பூப் போத்தல் கண்டேன். "காலமை இங்கதான் வாங்கினனான், பில் வீட்டில" என்றார். நான் காது கொடுக்கவில்லை. 'கள்ளர்' என்று எழுதி அவர் படத்தை வாசலில் ஒட்டினோம். எனக்குக் காசு வந்தது. நான்காம் நாள் பில்லோடு வந்தார், சரியான பில். அதற்குள் மூன்று தாய்மார் தங்கள் பிள்ளைகளை நர்சரியிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். படத்தைக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"படத்தைக் கழட்டிட்டீங்கள், பாத்த ஆக்களின்ர கண்ணை என்ன செய்யப்போறீங்கள்?"

நான் நின்ற காலத்தில் கடையில் களவு குறைந்ததோ தெரியாது, ஆனால் அந்த ரீச்சரின் கண்ணில் படாமலிருக்க இன்றைக்கும் நான் தெஹிவளைக்குப் போய்த்தான் சாமான் வாங்குகிறேன்.