கிரியாட்டினின் 1,2

எண்பதுகளின் கடைசியில், தென்காசி ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனை எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அல்ஜீரியாவிலிருந்து திரும்பிய கடையநல்லூர்க்காரர் ஒருவர் அங்கிருந்து கொண்டுவந்த தாளில், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1,2 என்றிருந்தது. கம்ப்யூட்டர் காற்புள்ளியை ஏற்கவில்லை. அதை விட்டுவிட்டு 12 என்று அடித்தேன். அல்ஜீரியாவில் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளிதான் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. கிட்னி போய்விட்டதென்று டாக்டர் அவரிடம் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள்தான் டாக்டர் பழைய தாளைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். கடையநல்லூர்க்காரரைத் தேடி ஓடினேன். வீட்டில் கேட்டபோது குற்றாலம் போயிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே சாரலில் நனைந்தபடி தனியே உட்கார்ந்திருந்தார்.

“பாய், உங்க கிட்னிக்கு ஒண்ணுமில்ல. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்.”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். “பாவி, பாதி உயிர எடுத்துட்டீரே! வீட்டுல யார்ட்டயும் சொல்லல தம்பி. பிள்ளைகளப் பாத்தா அழுக வருது, அதான் இங்கன வந்து கெடக்கேன்.”

அவர் தனியாகச் சுமந்தது மூன்று நாள். நான் சுமந்தது முப்பது வருஷத்துக்கு மேல்; வெளியே யாரிடமும் இதை இன்றுதான் சொல்கிறேன்.