மூன்று மணிக்குத் திறந்துகொண்ட கார்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஓசூரை அடுத்த மத்திகிரியில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கணவருக்கு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. மகளுக்கு மூன்று வயது. கம்பெனி பஸ் வீட்டு முனைக்கே வரும் என்றாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போக ஒரு கார் வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. பர்கூரில் கிரானைட் வியாபாரம் செய்யும் ஒருவரிடமிருந்து பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி வந்தார்.

வாங்கிய கையோடு ஓசூரில் ஒரு கடையில் கொடுத்து, ரிமோட் பூட்டு மாட்டினார். அப்போது அது பெரிய அதிசயம். சாவியைத் துளையில் விடவே வேண்டாம். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பொருள். அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் 'டக்'கென்று நான்கு கதவும் திறக்கும், மஞ்சள் விளக்கு இரண்டு முறை மின்னும். இன்னொரு பொத்தான் பூட்டுவதற்கு. திறந்துவிட்டு அரை நிமிஷம் வரை யாரும் கதவைத் தொடாவிட்டால் தானே திரும்பப் பூட்டிக்கொள்ளும். இரண்டு ரிமோட் கொடுத்தார்கள். ஒன்று அவரிடம், ஒன்று வீட்டில். வீட்டு வாசலில் புங்கமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, வேலையில்லாமலே பத்து முறை அமுக்கி அமுக்கிப் பார்த்தோம்.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மகளைத் தூங்கவைத்துவிட்டு நானும் பக்கத்தில் படுத்திருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு ஆள் நடமாட்டமே இருக்காது. வாசலில் 'டக்' என்று ஒரு சத்தம். அரைத் தூக்கத்தில் அவர்தான் சீக்கிரம் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். சற்றுப் பொறுத்து மறுபடி ஒரு 'டக்'. எழுந்து போய்ப் பார்த்தால் வாசலில் யாரும் இல்லை. கார் பூட்டியபடி நிற்கிறது. வீட்டு ரிமோட் ஆணியில் தொங்குகிறது.

மறுநாளும் அதே நேரம், அதே சத்தம். அதற்கு அடுத்த நாளும்.

அவரிடம் சொன்னதும் ஒயரில் கோளாறு இருக்கும் என்று கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். சந்தேகம் தீர அவர் ஒரு வாரம் காரைத் தொழிற்சாலைக்கே எடுத்துப் போனார். அங்கே வாட்ச்மேனைப் பார்க்கச் சொன்னதில் ஒரு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டு வாசலுக்குத் திரும்பிய முதல் நாளே, மூன்று மணிக்கு, 'டக்'.

ஒரு நாள் தூங்காமல் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மூன்றும் ஆனது, மூன்றேகாலும் ஆனது. சத்தமே இல்லை. மறுநாளும் உட்கார்ந்தேன், இல்லை. மூன்றாம் நாள் உள்ளே படுத்தேன். வந்துவிட்டது. நான் பார்க்கிறேனா இல்லையா என்பது அதற்குத் தெரிகிறது என்று அப்போது தோன்றியது.

பிறகு கார் உள்ளேயும் மாற ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும்போது முன்பக்க இடது சீட் பின்னால் சாய்ந்திருந்தது. நான் எப்போதும் மகளோடு பின்சீட்டில்தான் உட்காருவேன். முன்னால் யாரும் உட்காருவதே இல்லை. மத்திகிரிப் பக்கம் கல் உடைக்கும் கிரஷர்களின் தூசி எதன் மேலும் மாவு மாதிரி படிந்துவிடும். டேஷ்போர்டில் படிந்திருந்த தூசியில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கைத்தடம் இருந்தது. என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிடச் சின்னக் கை. இன்னொரு நாள் சீட்டின் தலைப்பக்கம் நீளமாக ஒரு முடி. டைபாய்டு வந்து கொட்டிப் போனதில் எனக்குக் கழுத்தளவுதான் முடி இருந்தது.

அவருடைய முகமும் மாறிவிட்டது. பழைய வண்டி, ஏதாவது விபத்தில் சிக்கியதாக இருக்குமோ என்று இருவரும் கேட்டுக்கொண்டோம். ஒரு ஞாயிறு பர்கூருக்கே போனோம். விற்றவர், அவர் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். டீ கொடுத்து உபசரித்தார்கள். வண்டிக்கு ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று அவர் சத்தியம் செய்தார். காரணம் கிடைக்காமல் திரும்பி வந்ததில் பயம் இரண்டு மடங்கானது.

வீட்டுக்காரம்மா தெலுங்குக்காரர். ரொம்ப நல்லவர்தான். ஆனால் அவர் எதிர்வீட்டு மாடியைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பொண்ணு வந்ததிலேருந்தே இந்தத் தெரு சரியில்லம்மா. புருஷன முழுங்கிட்டு வந்திருக்கா. கொழந்தைய அவ கண்ணுல காட்டாத."

எதிர்வீட்டு மாடியில் இருபத்தேழு, இருபத்தெட்டு வயசுப் பெண் ஒருத்தி தனியாகக் குடியிருந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காலை ஷிப்ட். நீல நிறக் கம்பெனிக் கோட்டு, தோளில் பை, குனிந்த தலை. நாங்கள் அங்கே குடிவந்து எட்டு மாதத்தில் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்காரம்மா சொன்னதை நம்பினேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதன் பிறகு அவள் தெருவில் வரும்போதெல்லாம் மகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். காரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினேன். அவள் வீட்டுப் பக்கம் பார்த்த மாதிரிதான் கட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மகள் தூங்குகிறாள் என்று நினைத்தால், ஹாலிலிருந்து அவள் குரல் கேட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நாற்காலி மேல் நின்று, காரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு டாட்டா காட்டுகிறாய் என்று கேட்டேன்.

"கார்ல அத்தை" என்றாள். அப்புறம், "அத்தை அழுவுறாங்க" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். காரில் யாரும் இல்லை. பூட்டும் 'டக்' சத்தம் மட்டும் அந்த நொடியில் கேட்டது. மஞ்சள் விளக்கு அணைந்தது.

அன்று மாலையே காரை விற்றுவிடச் சொன்னேன். அவரும் சரி என்று தரகரிடம் சொல்லி வைத்தார்.

விற்பதற்குள் பங்குனி பிறந்துவிட்டது. மின்சாரக் கம்பியில் உரசுகிறது என்று லைன்மேன்கள் வந்து புங்கமரத்துக் கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். நிழலே இல்லை. அவர் வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் யாரோ வண்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்ததால், பட்டப்பகல்தானே என்று தைரியப்படுத்திக்கொண்டு, உள்ளே கிடந்த குடை, செருப்பு, துணிகளை எடுக்கப் போனேன். மகளும் கூடவே வந்து பின்சீட்டில் ஏறி விளையாடினாள். ரிமோட் கோத்திருந்த சாவிக் கொத்தைக் கேட்டு அழுதாள், கொடுத்தேன். கை நிறையச் சாமான்களோடு, கதவை முழங்கையால் தள்ளிவிட்டு, வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். பத்தடிகூட இருக்காது.

'டக்.'

பொத்தானை அமுக்கிவிட்டாள். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. ஜன்னல் எல்லாம் ஏற்றியிருந்தது. முதலில் சிரித்தாள். நான் கண்ணாடியைத் தட்டி இன்னொரு பொத்தானை அமுக்கச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்தவள், சாவிக் கொத்தைக் கீழே போட்டாள். அது சீட்டுக்கு அடியில் போய்விட்டது. கதவிலிருந்த பூட்டுக் குமிழை இழுக்கச் சொன்னேன். அவள் விரலுக்கு அது வசப்படவில்லை. அழ ஆரம்பித்தாள்.

கார் மேல் கை வைத்தால் சுட்டது. இன்னொரு ரிமோட் அவரிடம். போன் செய்ய இரண்டு தெரு தள்ளி பூத்துக்கு ஓட வேண்டும். வீட்டுக்காரம்மா தேன்கனிக்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கத்தினேன். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு கல்லை எடுத்தேன். மகள் கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டாள். எப்படி உடைப்பது? அவள் முகம் சிவந்து, முடியெல்லாம் நனைந்து, அழுகை மெல்ல மெல்ல ஓய்ந்தது. அழுகிற சத்தம் நின்றதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. முன்கண்ணாடியை உடைக்கலாம் என்று கல்லை ஓங்கினேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். அடுத்து 'டக்'. மஞ்சள் விளக்கு இரண்டு முறை மின்னியது. நான்கு குமிழும் மேலே எழும்பின.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணம் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பயம்தான் வந்தது. திரும்பிப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண். காலில் செருப்பில்லை, கம்பெனிக் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. நீட்டிய கையில் எங்களுடையதைப் போலவே கறுப்பாக ஒரு ரிமோட்.

"மொதல்ல கொழந்தைய எடுங்கக்கா. அப்புறம் என்னைய என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றாள்.

மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். அவளும் பின்னாலேயே வந்தாள். ஈரத்துணியால் குழந்தையின் உடம்பைத் துடைத்தது, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தது எல்லாம் அவள்தான். மகள் கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்து, ரொம்பப் பழக்கமானவளைப் போல "அத்தை" என்றாள்.

குழந்தை தூங்கிய பிறகுதான் பேசினாள். அவளுக்குத் தருமபுரிப் பக்கம் ஒரு கிராமம். கணவர் இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆசையாகக் கார் வாங்கி, அதே கடையில் ரிமோட் பூட்டும் மாட்டியிருக்கிறார். மூன்று மணிக்கு இவள் ஷிப்ட் முடிந்து வரும்போது, இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும் அவர், அப்போது குடியிருந்த வீட்டு மாடியில் நின்று பொத்தானை அமுக்குவாராம். இவள் இடது பக்கம் ஏறிக்கொள்வாள். தெரு முனைவரை ஒரு சுற்று, அவ்வளவுதான். பிறகு இறக்கிவிட்டுவிட்டு வேலைக்குப் போவார். ஒரு மழை நாளில், கிருஷ்ணகிரி போகும் ஹைவேயில் மேலுமலைக் கணவாயில் லாரி மோதி அவர் போய்விட்டார். காரைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு ரிமோட் மட்டும் இவளுடைய பையில் தங்கிவிட்டது.

"வேலை விட்டு வந்ததும் தெனமும் ஒரு தடவ அமுக்குவங்கா. சும்மாதான். பேட்டரி தீந்தப்ப புதுசுகூடப் போட்டேன். எதுக்குப் போட்டன்னு எனக்கே தெரியல. அன்னிக்கு ஒருநாள் அமுக்கினேன், கீழ லைட்டு எரிஞ்சுது. அவருதான் வந்துட்டாருன்னு உசுரே போயி வந்துச்சு. ரெண்டு நாள் தூங்கல."

நாங்கள் பயந்ததற்கு முன்பே அவள் பயந்திருக்கிறாள். பிறகு விஷயம் புரிந்திருக்கிறது. புரிந்த பிறகும் அமுக்கியிருக்கிறாள். நான் ஜன்னலில் இல்லாத நாட்களில் இறங்கி வந்து, அந்த இடது சீட்டில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிருக்கிறாள். மகள் கையாட்டிய அன்று, என் குரல் கேட்டதும் இறங்கி மாடிப்படி மறைவுக்கு ஓடி, அங்கிருந்து பூட்டியிருக்கிறாள்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா பூட்டை மாத்திருவீங்களேக்கா" என்றாள். ரிமோட்டை என் கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். காரில் நான் கட்டிய எலுமிச்சம்பழத்தை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதானே படியேறியிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என் வீட்டுக் காரை ரகசியமாகத் திறந்தது பெரிய தப்பா, நான் என் வீட்டுக் கதவை அவள் முகத்துக்கு நேராகச் சாத்தியது பெரிய தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவள் கொடுத்த ரிமோட்டை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் கடையில் விசாரித்தபோது, அந்த மலிவு செட்டுகளில் ஒன்றுக்கும் மற்றதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரே மாதிரி அமைந்துவிடுவதுண்டு என்று கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னாராம். எங்கள் மூன்று மாதத் தூக்கம் அவருக்கு அவ்வளவுதான். குழந்தை இருக்கும் வீடு என்பதால் பூட்டை மாற்றத்தான் வேண்டியிருந்தது. காரை மட்டும் விற்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவளைத் தருமபுரியில் அவள் அம்மா வீட்டில் விட்டுவருவதாகச் சொன்னோம். தயங்கினாள். கணவர் போன பிறகு அவள் ஊருக்குப் போனதெல்லாம் ராயக்கோட்டை வழியாகத்தானாம். மேலுமலைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை. நாங்கள் எந்த வழியில் போவது என்று அவளிடமே விட்டுவிட்டோம். காரில் ஏறி, இடது சீட்டில் உட்கார்ந்து, "ஹைவேயிலயே போலாங்கண்ணா" என்றாள்.

சூளகிரி தாண்டியதும் அவள் கை டேஷ்போர்டை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கணவாயில் ஒரு வளைவைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய் ரோட்டோரம் நின்றாள். லாரிகள் ஒவ்வொன்றும் அவள் புடவையை இழுத்துக்கொண்டு போயின. நாங்கள் இறங்கவில்லை. சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து, உட்கார்ந்து, கதவை அவளே சாத்தினாள். "போலாங்க" என்றாள். கிருஷ்ணகிரி வரும்போது என் மகள் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பின்னாளில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். இன்றைக்கும் எங்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். எட்டு மாதம் எதிர்வீட்டில் இருந்த ஒருத்தியிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், பூட்டிய காருக்குள் பேயைத் தேடிக்கொண்டிருந்த என்னை நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு என் மேல்தான் பயமாக இருக்கிறது.