கல்லை யார் சுமப்பது

வாஷிங்டனில் நிலத்துக்கு அடியில் கார் நிறுத்தும் இடங்களில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் எங்கள் எத்தியோப்பிய ஆட்கள்தான். ஒரு கூண்டில் முன்னாள் நீதிபதி, இன்னொன்றில் விமானப்படைக்காரர், அடுத்ததில் கணக்கு வாத்தியார். வக்கீல் அலுவலகங்கள் இருக்கிற தெருவின் கூண்டில் இருபது வருஷத்துக்கு மேல் அஸ்கலே இருந்தாள். சீட்டை வாங்கி, பணத்தை வாங்கி, தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவாள். ஒரு காலத்தில் சக்கரவர்த்தியைப் பதவியிலிருந்து இறக்கச் சொல்லித் தெருவில் நின்றவள் அவள் என்பது காரில் போகிற யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றியதில்லை.

எத்தியோப்பியாவின் வடக்கே, வோல்லோ மாகாணத்தில் ஒரு குத்தகைக்காரனின் மகள் அவள். விளைந்ததில் பாதிக்கு மேல் பிரபுவின் வீட்டுக்குப் போகும். அந்தப் பிரபு சக்கரவர்த்திக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. மழை பொய்த்த வருஷமும் அவருடைய ஆட்கள் வந்து அளந்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர் எல்லையிலேயே கல்கட்டிடக் களஞ்சியம், வாசலில் துப்பாக்கியோடு இரண்டு பேர். அஸ்கலே அப்போது தெஸ்ஸி நகரத்தில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். செய்தி கேட்டு அவள் ஊருக்கு ஓடிவந்தபோது அம்மாவும் இரண்டு தம்பிகளும் நெடுஞ்சாலை ஓரத்தில் புதைக்கப்பட்டிருந்தார்கள். சாலைக்கு வந்தால் லாரிக்காரர்கள் ரொட்டி வீசுவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி நடந்து வந்தவர்கள். களஞ்சியம் பூட்டியபடியே இருந்தது.

அடுத்த வருஷம் தலைநகரில் "உழுபவனுக்கே நிலம்" என்று தொண்டை கிழியக் கத்தினவர்களில் அவளும் ஒருத்தி. கத்தினவர்கள் மாணவர்கள். பலனை அள்ளிக்கொண்டது பட்டாளம். முதலில் பிரபுக்களைச் சுட்டார்கள், பிறகு கத்தின பிள்ளைகளையும் தெருத்தெருவாகச் சுட்டுப் போட்டார்கள். அஸ்கலே சிறையில் கிடந்து, வெளியே வந்து, சூடானுக்கு நடந்து, கடைசியில் இந்தக் கூண்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அவளைத் தேடி ஒரு நாள் பிலேன் வந்தாள். எங்கள் நாட்டுப் பெண்தான், ஆனால் நாலு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவள், ஆவணப்படம் எடுக்கிறவள். நம் பாஷையைச் சின்னக் குழந்தை மாதிரி பேசுவாள், அதனாலேயே பெரியவர்களுக்கு அவள்மேல் ஒரு இரக்கம். நாடு விட்டு வந்த ஒரு இளவரசியும் அரச குடும்பத்தை விரட்டிய புரட்சிக்காரி ஒருத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பேச வேண்டும், அதுதான் படம். அஸ்கலே முடியாது என்று சொல்லிவிட்டாள். பிலேன் மறுபடி வந்து இளவரசியின் பெயரைச் சொன்னாள். அமாரெச். அந்தக் களஞ்சியத்துப் பிரபுவின் மகள்.

அன்றைக்கு அஸ்கலே தடுப்புக் கட்டையைத் தூக்க மறந்து உட்கார்ந்திருக்க, பின்னால் நாலு கார்கள் ஒலி எழுப்பிக்கொண்டு நின்றன.

"வர்றேன். ஆனா ஒரே ஒரு கேள்வி கேப்பேன். ஏன் தெறக்கலன்னு. அதுக்கு அவங்க கேமரா முன்னாடி பதில் சொல்லணும்" என்றாள். பிலேன் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அவள் எதற்கும் சந்தோஷமாகத் தலையாட்டுகிறவள் என்பது அஸ்கலேவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பக்கத்துக் கட்டடத்துக் கூண்டிலிருக்கும் தோழி செப்லெ கிண்டல் செய்தாள். "போற. அவங்க கையை நீட்டுவாங்க. நீ குனிஞ்சு முத்தம் குடுத்துட்டு வருவ. வந்து எங்கிட்ட புரட்சி பேசுவ."

"என் இடுப்பு இனிமே யாருக்கும் குனியாதுடி."

ஒரு சனிக்கிழமை காலை, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போனாள். அரண்மனை எதுவும் இல்லை. இரண்டு அறை, வாடகை வீடு. சுவரில் சிங்கப் பிடரிமயிர் வைத்த கிரீடத்தோடு பிரபுவின் படம். வெள்ளைச் சால்வை போர்த்திய, மெலிந்த ஒரு பெண்மணி கதவைத் திறந்தாள். திறந்ததும் அஸ்கலேவின் இடுப்பு தானாகக் குனிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், அமெரிக்காவில், வாக்குரிமை பெற்ற பிறகும் குனிந்த அந்த இடுப்பின் மேல் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனாலும் முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போயிற்று. சொல்லப்போனால் அதுதான் வினை. இளவரசி சிறைவாசத்தைச் சொன்னாள். இருபத்திரண்டு வயதில் அவளையும் அம்மாவையும் அத்தைமார்களையும் ஒரே அறையில் அடைத்தார்கள். அம்மா அங்கேயே செத்தாள். தலையை மொட்டையடித்த அன்று சின்னத் தங்கை சிரித்தாளாம், எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறோம் என்று. கேட்டுக்கொண்டிருந்த அஸ்கலேவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எந்தச் சிறை என்று விசாரித்தால் அதே சிறைதான், இவள் பிறகு போய்ச் சேர்ந்தாள். காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிற காவல்காரி ஒருத்தி இருந்தாளே என்று ஒருத்தி ஆரம்பிக்க, மற்றவள் எழுந்து நடந்தே காட்டினாள். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் வழக்கப்படி மூன்று சுற்றில் இரண்டாம் சுற்றுக் காப்பியும் ஆயிற்று.

எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்த பிலேனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. படுக்கையறைக் கதவைத் திறந்து லகெவ் என்கிற பெரியவரை அழைத்துவந்தாள். இங்கே எங்கள் எத்தியோப்பியர் சங்கத்தில் பஞ்சாயத்து என்றால் அவர்தான். சக்கரவர்த்தி காலத்தில் சுங்க அதிகாரி, பட்டாளத்துக் காலத்திலும் சுங்க அதிகாரி. இங்கே வந்து எல்லாருக்கும் மூத்தவர் ஆகிவிட்டார். அவர் கையில் ஒரு கல். தோட்டச் சாமான் கடையில் வாங்கிய வழவழப்பான கல். அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் பிலேன் நகத்தால் சுரண்டினாள்.

கல் எதற்கென்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தப்புச் செய்தவன் கல்லைத் தோளில் வைத்து, குனிந்து, பாதிக்கப்பட்டவன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். பெரியவர்கள் கூட வருவார்கள். மன்னித்துவிட்டேன் என்றால் பாதிக்கப்பட்டவன் தன் கையால் கல்லை இறக்கி வைப்பான். கொலைப் பகை கூட அத்தோடு முடிந்தது.

கல்லைப் பார்த்ததும் அஸ்கலே சால்வையைச் சரிசெய்துகொண்டாள். கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது என்று நினைத்தாள். பிரபு மகள் கல் தூக்கப் போகிறாள். என் அம்மாவுக்காக. இதை எதிர்பார்த்து அவள் வரவில்லை.

வெளிச்சம் பார்க்க வேண்டும், நீங்கள் ஒருமுறை தூக்கிக் காட்டுகிறீர்களா என்று அஸ்கலேவிடம் பிலேன் கேட்டாள். அம்மணி உடம்பு முடியாதவர், அவருக்குப் பழக்கமும் இருக்காது, செய்து காட்டுவோம் என்று இவள் உடனே எழுந்தாள். கல்லைத் தோளில் ஏற்றி, கழுத்தைச் சாய்த்து, முறைப்படி குனிந்தாள். "பாரத்தைக் கழுத்துப் பக்கம் வாங்கிக்கணும்னு அம்மணிகிட்டச் சொல்லு. இல்லேன்னா நழுவிரும்" என்றாள் கீழே பார்த்தபடி. பிறகு கல்லைப் பத்திரமாக இளவரசியின் காலடியில் வைத்துவிட்டு, தன் இடத்தில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இளவரசி கல்லோடு வருவதற்காகக் காத்திருந்தாள்.

யாரும் அசையவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஆன்ட்டி. இப்ப நெஜமாவே அதே மாதிரி பண்ணுங்க" என்றாள் பிலேன்.

அஸ்கலேவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நானா?"

"சின்னவங்கதான பெரியவங்களுக்குத் தூக்குவாங்க?" என்றாள் அந்தப் பெண். அவளைக்கூட விட்டுவிடலாம். இங்கே வளர்ந்தவள், யாரோ சொன்னதைப் பாதி காதில் வாங்கியவள். பக்கத்தில் நின்ற பெரியவருக்கு என்ன கேடு? முறை தெரிந்தவர், நூறு கல்லை இறக்கி வைத்தவர், அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒரு படத்துக்குத்தானேம்மா, தூக்கிரு. அவங்கப்பாவைச் சுட்டுட்டாங்க இல்ல? நீங்கதானே தெருவுல நின்னு கத்துனீங்க?" என்றார்.

"கத்துனது நாங்க. சுட்டது பட்டாளம். எங்களையும் அவனுங்கதான் சுட்டானுங்க. அப்ப அந்தப் பட்டாளத்துக்கிட்ட சம்பளம் வாங்கிட்டிருந்தது யாரு, லகெவ் அய்யா?"

பெரியவர் முகம் கறுத்துப்போனது. இளவரசியிடம் போய்க் கல் தூக்குங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நாற்பது வருஷம் ஆகியும், கடல் தாண்டியும் வராது. கார் கூண்டுக்காரியிடம் சொல்ல வரும். அநியாயம் என்பது வேறு எங்கும் இல்லை, இதில்தான் இருக்கிறது.

அஸ்கலே இளவரசியின் பக்கம் திரும்பினாள். "அம்மணி, உங்க அம்மா சிறையில செத்ததுக்கு நான் அழுதேன், நீங்களே பாத்தீங்க. எங்க அம்மா ரோட்டுல செத்தா. எங்க ஊர் எல்லையில உங்க களஞ்சியம் நெறைஞ்சு கெடந்துச்சு. ஏன் தெறக்கல?"

இளவரசி கேமராவை நிறுத்தச் சொன்னாள். பிலேன் நிறுத்தினாள். இளவரசி பெரியவரையும் வெளியே போகச் சொன்னாள். போனார். பிறகு கைகளை மடியில் கோத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"எங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில அதைப் பேசக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தார். வெலை ஏறட்டும்னு வச்சிருந்தாங்க."

இந்தப் பதிலுக்காகத்தான் அஸ்கலே நாற்பது வருஷம் காத்திருந்தாள். வறட்சி, விதி, ஆண்டவன் சித்தம், அதிகாரிகள் மறைத்துவிட்டார்கள் என்று எத்தனையோ கேட்டாயிற்று. கடைசியில் விலை ஏறட்டும் என்பதற்காக.

"இதைக் கேமராவைப் போட்டுட்டுச் சொல்லுங்க."

"முடியாது. அவர் எங்க அப்பா."

"அப்ப நானும் தூக்க மாட்டேன்." மூன்றாம் சுற்றுக் காப்பி குடிக்காமல் அஸ்கலே எழுந்து வந்துவிட்டாள். அந்தச் சுற்றுதான் ஆசீர்வாதம், அதைக் குடிக்காமல் போகிறவர்கள் பகைக்காரர்கள். பகைதான், இருக்கட்டும் என்று வந்தாள்.

படம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தேவாலயப் பூசைக்குப் பிறகு சங்கக் கூடத்தில் போட்டார்கள். இருநூறு பேருக்கு மேல் கூட்டம். பின்பக்கம் எங்கள் ஊர்ப் புளித்த தோசையான இஞ்சேராவும் கோழிக்குழம்பும் தயாராக இருந்தன. முன்வரிசையில் இளவரசி. ஐந்தாம் வரிசையில் செப்லெயோடு அஸ்கலே. தான் மறுத்தது, கேட்ட கேள்வி, பெரியவரைக் கேட்ட கேள்வி எல்லாம் திரையில் வரும், ஊர் பார்க்கட்டும் என்று புதுச் சால்வை போர்த்திக்கொண்டு வந்திருந்தாள்.

திரையில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். காவல்காரி மாதிரி நடந்தார்கள். அஸ்கலே அழுதாள். அடுத்ததாக, தோளில் கல்லோடு அஸ்கலே குனிந்தாள். அடுத்து, கண் கலங்க எழுந்து வருகிற இளவரசி. அவள் எந்த நேரத்தில் எழுந்தாளோ, எதற்குக் கலங்கினாளோ, யாருக்குத் தெரியும்? பிறகு இளவரசியின் காலடியில் கல். குழல் இசை. அவ்வளவுதான். கேள்வி இல்லை, மறுப்பு இல்லை, களஞ்சியம் இல்லை.

கூடம் எழுந்து நின்று கை தட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். "நெசமாவே தூக்கினியாடி?" என்று செப்லெ காதோரம் கேட்டாள். கிண்டல் இல்லாமல் கேட்டாள், அதுதான் அஸ்கலேவுக்குத் தாங்கவில்லை.

பிலேன் இருவரையும் மேடைக்கு அழைத்தாள். அஸ்கலே போனாள். மைக்கைப் பிலேன் கையிலிருந்து வாங்கினாள். "அம்மணி, ஒண்ணே ஒண்ணு. என் தோள்லேர்ந்து நீங்க கல்லை எறக்கினீங்களா?"

குலவை நின்றுபோனது. இளவரசி ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இருநூறு பேரும் அதைத்தான் வேண்டினார்கள்.

"இல்ல. அவ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கவே இல்ல" என்றாள். மேடையிலேயே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

கூட்டத்துக்குக் கோபம் வந்தது. பொய்யாகப் படம் பிடித்தவள் மேல் வந்திருந்தால் நியாயம். வந்தது அஸ்கலே மேல். முன்வரிசைக் கிழவி ஒருத்தி ச்சீ என்றாள். லகெவ் மேடையேறி வந்து, தணிந்த குரலில், "பெரிய எடத்துப் பொண்ணைச் சபையில நிக்க வச்சிட்டியே. மொதல்ல அவங்ககிட்ட மன்னிப்புக் கேளு" என்றார்.

அஸ்கலே அவரைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அம்மா பெயர் திரிங்கோ என்றாள். தம்பிகளின் பெயர்களைச் சொன்னாள். பிரபுவின் ஆட்கள் அளந்து எடுத்துப் போனதையும், லாரி ரொட்டியை நம்பி மூன்று பேரும் சாலைக்கு நடந்ததையும், பூட்டிய களஞ்சியத்தையும், விலை ஏறட்டும் என்று வைத்திருந்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல வரிசை வரிசையாக ஆட்கள் எழுந்து பின்பக்கம் சாப்பாட்டுக்குப் போனார்கள். தட்டுச் சத்தம் கேட்டது. குழம்பு ஆறிவிடும் என்று யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். பஞ்சக் கதையைக் கேட்க மனமில்லாமல் சோற்றுக்குப் போன கூட்டம் அது. அந்த வெட்கம்கூட யாருக்கும் உறைக்கவில்லை. பிலேன் கேமராவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

செப்லெ ஐந்தாம் வரிசையில் இருந்தாள். மேடையில் இளவரசி இருந்தாள். களஞ்சியம் என்ற சொல் வந்தபோது தலை தாழ்ந்தது, ஆனால் எழுந்து போகவில்லை. வா, சாப்பிடலாம் என்று உறவுக்காரி வந்து தோளைத் தொட்டபோது கையை விலக்கிவிட்டாள். கடைசி வார்த்தை வரை உட்கார்ந்து கேட்டாள்.

அதற்காக அஸ்கலே அவளை மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அமாரெச்சுக்கே தெரியும்.