பெரிய நைனாவின் முடிப்பு

எங்கள் ஊரில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை தீப்பிடித்து எரிந்ததே, அதற்கு அடுத்த புரட்டாசியில் நடந்தது இது. வருஷமெல்லாம் கேட்காதீர்கள், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். ஆனால் அந்தத் தீயில் உருகின வெல்லம் தெருவில் வாய்க்காலாக ஓடினதும், ஊரெல்லாம் எறும்பு மொய்த்து, பாயை உதறி உதறிப் படுத்ததும் இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. எறும்பு ஒழிய ஒரு பெருமழை வர வேண்டியிருந்தது. அதை விடுங்கள்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிற சாலையில், புத்தலப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் வீடு. புரட்டாசி பிறந்தால் வேலூர், ஆம்பூர் பக்கத்திலிருந்து மலைக்கு நடந்து போகிறவர்கள், மஞ்சள் வேட்டியும் நாமமுமாக எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். வீட்டுக்கு வீடு அவர்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்றி மோர் கொடுப்போம். பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருப்பவர்கள், தாங்கள் மலைக்குப் போக முடியாமல் போனால், அந்த முடிப்பை அவர்கள் கையில் கொடுத்து உண்டியலில் சேர்க்கச் சொல்வார்கள். கொடுக்கும்போது பேர் என்ன, ஊர் எது என்று கேட்கக் கூடாது. கேட்டால் பெருமாளையே சந்தேகப்பட்ட மாதிரி. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கட்டு.

பெரிய நைனா என்றால் எங்கள் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அண்ணன். பிள்ளை குட்டி இல்லை. பெரியம்மா செத்த பிறகு எங்களோடுதான் இருந்தார். ஒரு காலத்தில் முரட்டு மாட்டைக் கொம்பைப் பிடித்தே நிறுத்துவாராம். நான் பார்க்கும்போது கண்ணில் புரை விழுந்து, கட்டிலில் இருந்து வாசலுக்குச் சுவரைத் தடவிக்கொண்டு வருவார். அவர் கட்டிலுக்கு நேர் மேலே உத்தரத்தில் ஒரு மஞ்சள் முடிப்பு தொங்கும். பெரியம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வேண்டிக்கொண்டது, கண் தெளிந்ததும் நானே மலைக்குக் கொண்டுபோவேன் என்பார். ஒட்டடை அடிக்கிறபோதுகூட அம்மா அந்த இடத்தை விட்டுவிடுவாள். சாமி காசு.

பெரியம்மாவுக்குக் காசுமாலை உண்டு என்பது ஊருக்கே தெரியும். அது எங்கே இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. நைனா அவ்வப்போது கேட்பார். "எங்கடா போவப்போவுது, நான் போன பின்னாடி உனக்குத்தானே" என்று பெரிய நைனா சிரிப்பார். அம்மா அவருக்குத்தான் முதல் தட்டு வைப்பாள். களியில் குழி பண்ணி நெய் ஊற்றுவாள்.

"கொழந்தைக்குக் கொஞ்சம் ஊத்தும்மா."

"அது துன்னா அதுக்கு வயிறு வலிக்கும் மாமா. நீங்க துன்னுங்க."

நெய் தின்று வயிறு வலித்த ஒருவரையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்கு மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவனுக்குக் கோவிந்தா போட்டுப் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. காலுக்குத் தண்ணீர் ஊற்றியது நான். அவ்வளவு தூரம் நடந்தவர்களுக்குக் கால் கொப்புளமும் வெடிப்புமாக இருக்கும். இவன் கால் கல்யாண மாப்பிள்ளை கால் மாதிரி இருந்தது. இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள், ஐயையோ, அப்பவே தெரியலையா என்பார்கள். பால் பல் விழுகிற வயசு. தெரியவில்லை. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, மேலே கேளுங்கள்.

அவன் வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தான்.

"முடிப்பு ஒண்ணு தொங்கினு கீதே சாமி? எங்க கையில குடுங்க, உண்டியல்ல சேர்த்துடறோம்."

"வாணாம்பா. கண்ணு தெளிஞ்சதும் நானே வர்றேன்" என்றார் பெரிய நைனா.

"சாமி காசை வூட்டுல கட்டி வெச்சிக்கினு கீறீங்க. கண்ணு எப்படி சாமி தெளியும்?"

மோர்ச் சொம்போடு நின்ற பெண்கள் எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள், "இச்செய்யண்டி பாவா, தேவுடி சொம்மு" என்று, சாமி காசைக் கொடுத்துவிடச் சொன்னாள். அம்மாவும், "குட்த்துடுங்க மாமா, மலைக்குப் போறவங்க வாயால கேட்டுட்டாங்க" என்றாள். நைனா முக்காலி போட்டு ஏறி, தானே முடிப்பை அவிழ்த்து இறக்கினார்.

"நல்ல பாரம் கீதே! அண்ணி நெறைய வேண்டிக்கினாங்க போல."

பெரிய நைனா அதை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டார். அந்த ஆள் அதைத் தலைமேல் வைத்துக் கோவிந்தா என்றான். எல்லோரும் கோவிந்தா போட்டார்கள். பெரிய நைனா மட்டும் போடவில்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மாடு ஓட்டிக்கொண்டு போன ஊர்க்காரர் ஒருவர், மதகடியில் கிடந்தது என்று அந்த மஞ்சள் துணியைக் கொண்டுவந்தார். உள்ளே காசு இருந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"திருட்டுப் பசங்கதான். ஆனா சாமிக்குப் பயந்தவனுங்க. பைசாவத் தொடல பாருங்க!"

நைனாவும் சிரித்தார். பெரிய நைனா துணியை வாங்கி மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"காசுமாலை இதுலதான்டா இருந்துது. தாலி, கம்மல் எல்லாமே."

நைனா சைக்கிளை எடுத்துக்கொண்டு திருடனைத் துரத்தப் போவார் என்று நான் வாசலுக்கு ஓடினேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"சாமி பேரச் சொல்லி எங்க கண்ணுல மண்ணத் தூவிட்டியே!"

"நாங்க இன்னா திருடங்களா மாமா?" என்றாள் அம்மா. "யாருக்குப் பயந்துக்கினு சாமி துணியில முடிஞ்சி வெச்சீங்க? சொல்லுங்க, யாருக்கு?"

அவர் அந்தத் துணியை மறுபடி முடிச்சுப் போட்டார். போலீசுக்கு யாரும் போகவில்லை. போனால், முக்காலி மேல் ஏறி இறக்கிக் கொடுத்தது யார் என்று கேட்பார்களே.

எங்கள் வீட்டில் திருடனை அந்த ஒரு நாள்தான் திட்டினார்கள். பெரிய நைனாவைச் சாகும்வரை திட்டினார்கள். கட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் போனது. அவர் அறையில் கடலை மூட்டை அடுக்கினார்கள். களி கடைசியில்தான் போகும், ஆறிப்போய். நெய் எனக்கு வந்தது. வயிறு வலிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு புரட்டாசியிலும் அவர் சாலையோரம் போய் நின்றுகொள்வார். நடந்து போகிறவர்கள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிட்டே இழுத்து, மங்கின கண்ணால் பார்ப்பார். பெரியவர் ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று அவர்கள் காலில் விழுந்து எழுந்து போவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது நான் திருப்பதியில் மகன் வீட்டில் இருக்கிறேன். கொஞ்ச நாள் முன்னால் எங்கள் காலனியில் வயசானவர்களை உட்காரவைத்து ஒரு போலீஸ்காரம்மா பேசினாள். தங்கமான பெண். கதவுக்குச் சங்கிலி போடுங்கள், போனில் எவன் நம்பர் கேட்டாலும் சொல்லாதீர்கள், நகை போட்டுக்கொண்டு வாக்கிங் போகாதீர்கள் என்றாள். எல்லாம் தெரியாத ஆளைப் பற்றித்தான். முடிவில் என்னைப் பார்த்து, "டவுட் ஏமைனா உந்தா தாத்தா?" என்று, சந்தேகம் ஏதாவது உண்டா எனக் கேட்டாள். ஒன்று இருந்தது. பக்கத்து நாற்காலியில் மகன் உட்கார்ந்திருந்தான். என் போனும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. "லேது தல்லி" என்றேன், இல்லையம்மா என்று.

பெரிய நைனா திருடனுக்குப் பயந்துதான் அப்படிக் கட்டி வைத்தார் என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். திருடனுக்குப் பயந்தவர் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார். மஞ்சள் துணியைக் கண்டால் கையை இழுத்துக்கொள்வோம் என்று அவர் நம்பினது எங்களைத்தான். ஒரே கூரையின் கீழ் இருந்த எங்களை. அம்மா அன்றைக்கு யாருக்கு, யாருக்கு என்று கேட்டபோது, அவளோடு சேர்ந்து நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் போலீஸ்காரம்மா மறுபடி வருவாள். நீங்கள் போனால் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். சோறு போடுகிற கைக்குப் பயந்தால் வயசானவன் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். என் பேரைச் சொல்ல வேண்டாம்.