பொது அரங்கில் அத்தை

நூற்றுப் பதினோரு டெசிபல். பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கில், போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில், வெளியூர் அணியின் கோச் தன் கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து அளந்த சத்தம் அது. மரம் அறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஏறக்குறைய அவ்வளவு கேட்கும். அந்த எண்ணை வைத்து அவர் போட்டிக் குழுவிடம் புகார் கொடுத்தார். ஆட்டக்காரிகள் மீது அவருக்கு ஒரு குறையும் இல்லை. மைக்கில் இருந்த பெண்மணி மீதுதான்.

அந்தப் பெண்மணியை அணி முழுக்க அத்தை என்றுதான் கூப்பிடுகிறது. சொந்தமுறையில் பார்த்தால் அவர் ஒருத்திக்கு மட்டுமே அத்தை. அணியிலேயே உயரம் குறைந்தவள், எதிரணிக்காரியின் கையிலிருக்கும் பந்தைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பறிப்பவள், அதனால் கொசு என்று பெயர் வாங்கியவள். அவள் அத்தையின் தம்பி மகள். தம்பி அந்தக் கல்லூரியின் எலக்ட்ரீஷியன்; எல்லோரும் ஒரே வீட்டில்தான். சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஆட்டத்துக்கு மைக்கில் அறிவிப்பவர் வராமல் போக, "அக்கா, உனக்குத்தான் பேசிப் பழக்கமாச்சே, ஒரு மணி நேரம் வந்துட்டுப் போ" என்று தம்பி கூப்பிட்டார். அந்த ஒரு மணி நேரம் இன்னும் முடியவில்லை.

பேசிப் பழக்கம் என்றது உண்மைதான். அத்தைக்குச் சம்பளம் கொடுப்பது மத்தியப் பேருந்து நிலையம். நடைமேடைகளுக்கு மேலே, மாடியில், ஒரு கண்ணாடி அறை. ஒரு மைக், ஒரு பொத்தான், எந்நேரமும் குளிரைக் கொட்டும் ஏசி, அதற்காக நாற்காலியில் நிரந்தரமாகத் தொங்கும் ஒரு ஸ்வெட்டர். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில், எது தாமதம், யாருடைய குடை கிடைத்திருக்கிறது என்பதை எல்லாம் இரண்டிரண்டு முறை சொல்ல வேண்டும். குரலில் சந்தோஷமோ சலிப்போ எட்டிப் பார்க்கக் கூடாது. பேருந்து ரத்தானாலும் சரி, குழந்தை காணாமல் போனாலும் சரி, ஒரே குரல். வாரம் முழுக்க அப்படி அடக்கி வைத்ததை எல்லாம் அத்தை சனிக்கிழமை கல்லூரி அரங்கில் அவிழ்த்து விடுவார்.

அந்த அரங்கமும் அதற்கு ஏற்றது. தாழ்ந்த தகரக் கூரை. போட்ட சத்தம் வெளியே போக வழியில்லாமல் திரும்பத் தலையிலேயே விழும். முதல் வரிசையில் காலை நீட்டினால் ஆடுகளத்தின் கோட்டை மிதிக்கலாம். அங்கே அத்தை இரண்டு வழக்கங்களை உண்டாக்கினார்.

ஒன்று, நம் பிள்ளை ஃப்ரீ த்ரோ எறியும்போது. எதிரணி தவறாக இடித்தால், யாரும் குறுக்கே வராமல் கோட்டில் நின்று தனியாக எறிய ஒரு வாய்ப்பு தருவார்களே, அது. அத்தை மேசையிலிருந்து எழுந்து வலது கையைத் தூக்குவார். உடனே அரங்கமே கையைத் தூக்கி வாயை மூடும். பந்து தரையில் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும்.

இன்னொன்று, எதிரணிப் பெண் எறியும்போது. அவள் பந்தைக் கையில் வாங்கி மூச்சை இழுக்கும் அந்தக் கணத்தில் அத்தைக்கு ஒரு பொது அறிவிப்பு நினைவுக்கு வரும். "வாகனம் நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளைக் காரின் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது." அப்படி ஒரு கார் அங்கே நின்றதே இல்லை. இது அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு முறை நடுவரே ஓய்வு நேரத்தில் வந்து, "ஏம்மா, அந்தக் காருக்கு பேட்டரியே தீராதா?" என்று கேட்டிருக்கிறார்.

புகாருக்குப் பின் போட்டிக் குழு கூடியது. அதுவரை பட்டியலில் மேலே முடிக்கும் அணிக்குத் தன் சொந்த அரங்கிலேயே காலிறுதி ஆடும் உரிமை இருந்தது. லீக் ஆட்டங்களில் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடுவதே அதற்காகத்தான். இனி காலிறுதி முதல் எல்லாமே பொது அரங்கில் என்று முடிவானது. யாருக்கும் சொந்தமில்லாத ஊர், நான்கு மணி நேரப் பயணம், இரு அணிக்கும் பொதுவான அறிவிப்பாளர்.

கொசுவுக்கு அது கல்லூரியில் கடைசி வருடம். காலிறுதியில் தோற்றால் அன்றோடு அவள் ஆட்டம் முடிந்தது. அந்த அணி காலிறுதியைச் சொந்த அரங்கில்தான் ஜெயித்திருக்கிறது. வெளியே ஆடிய இரண்டு தடவையும் முதல் நாளே மூட்டையைக் கட்டியிருக்கிறது.

"முதலிடம் வந்தா அதுக்குப் பரிசு பஸ் பயணமா அத்தை? இது என்ன நியாயம்?" என்று அவள் பொரிந்து தள்ளினாள்.

"நியாயம்தான்டி" என்றார் அத்தை, துவைத்த துணியை மடித்துக்கொண்டே. "அவங்க பிள்ளைங்களும் பிள்ளைங்கதானே. என்கிட்ட வந்து மாட்டிக்கிட்டு முழிச்சதுங்க, பாவம்."

"அப்ப எதுக்கு இத்தனை வருஷம் பண்ணீங்க?"

"விட்டாங்க, பண்ணேன்."

புது அரங்கைப் பழகிக்கொள்ளட்டும் என்று லீக் ஆட்டம் ஒன்றை அங்கேயே வைத்தார்கள். அணி தோற்றது. கொசு ஐந்து ஃப்ரீ த்ரோவில் நான்கைக் கோட்டைவிட்டாள். வீட்டுக்கு வந்தவளிடம் அத்தை கேட்டார், "ரொம்பக் கேலி பண்ணாங்களா?"

"பண்ணியிருந்தா போட்டிருப்பேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவே இல்ல. பாதிப் பேர் அடுத்த மேட்சுக்கு வந்தவங்க. முன் வரிசையில ஒரு அம்மா போன்ல யாருக்கோ வீட்டுச் சாவி எங்க இருக்குன்னு சொல்லிட்டிருந்தாங்க. பூந்தொட்டிக்கு அடியிலயாம், இல்லன்னா செருப்பு ஸ்டாண்டுலயாம். நானும் கூடவே தேடிட்டிருந்தேன்."

அத்தை சிரித்தார். பிறகு யோசித்தார். தன் பிள்ளைகளுக்கு இரண்டு விதமான கூட்டம்தான் தெரியும்: உயிரை விடும் கூட்டம், வெளியூரில் கரித்துக்கொட்டும் கூட்டம். கண்டுகொள்ளாத கூட்டத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. போதாக்குறைக்கு, தன் அரங்கில் கையைத் தூக்கித் தூக்கி அவர்களுக்கு அமைதியைப் பழக்கியதும் தான்தான்.

மறுநாள் தன் அணியின் கோச் மேடத்திடம் போய்ச் சொன்னார். அவர் உடனே, "அக்கா, ப்ராக்டிஸுக்கு வாங்க. மைக்கை எடுத்து இவங்களை ஒரு வழி பண்ணுங்க" என்றார்.

முதல் வாரம் அத்தை திட்டிப் பார்த்தார். "கொசு, ஸ்டூல் போட்டுக்கடி, எட்டாது." அணியிலேயே உயரமானவளிடம், "நெட்டச்சி, உன் கை என்ன வாழைப்பழமா?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கூடையில் போட்டார்கள். ஒரு பயனும் இல்லை.

பிறகு ஒரு நாள் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தார். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க, பழக்கத்தில் வாயில் வந்ததைச் சொன்னார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் நடைமேடையில் நிற்க வேண்டிய பேருந்து..." கோட்டில் நின்றிருந்த நெட்டச்சி எறிந்த பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் போனது.

"என்னடி ஆச்சு?"

"இல்ல அத்தை... எந்த பஸ்ஸுன்னு கேட்டுட்டேன்."

கோச் மேடம் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "திட்டினா காதுல ஏறல. பஸ் வருதுன்னா ஏறுது. அக்கா, அதையே சொல்லுங்க."

அதன் பிறகு பயிற்சி அரங்கம் பேருந்து நிலையமாயிற்று. தாமதமான பேருந்துகள், கிடைத்த குடைகள், மாறிய நடைமேடைகள். தம்பியும் வேலை முடிந்து வந்து, ஏணியைக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டு, பல்பின் விலையைப் பற்றிக் காவலாளியோடு சத்தமாகப் பேசுவார். சில வாரங்கள் பந்து கண்டபடி பறந்தது. பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. ஒரு மாலை, முழுக் கால அட்டவணையையும் அத்தை ஒப்பித்து முடித்தபோது, கொசு ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. "ஏழாம் நடைமேடைக்கு என்ன பஸ் சொன்னேன், சொல்லு பார்க்கலாம்" என்று அத்தை கேட்டார். "பஸ்ஸா, எப்ப சொன்னீங்க?" என்றாள் அவள். அத்தைக்கு அன்று இரவு சாப்பாடு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

காலிறுதிக்கு ஆதரவாளர்கள் இரண்டு பேருந்துகளில் போனார்கள். மாணவிகள், நூலகர், காவலாளி, அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர், தம்பி, அத்தை. பொது அரங்கம் உயரமானது. கூரை எங்கோ இருந்தது. கூடைக்குப் பின்னால் சுவருக்குப் பதிலாக வெறும் இருட்டும் காலி இருக்கைகளும். இவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தும் ஒரு மூலைதான் நிறைந்தது. கையில் மைக் இல்லாததால் அத்தைக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். அங்கே அறிவிப்புக்கு ஓர் இளைஞர். இரண்டு அணிப் பெயர்களையும் ஒரே குரலில் சொன்னார்.

"எப்படி?" என்றார் தம்பி.

"நல்லாத்தான் சொல்றான். பேருக்கு நடுவுல மூச்சு வாங்கறான், அது மட்டும் போகணும்."

ஆட்டம் கடைசி வரை இழுத்தது. ஒரு புள்ளி பின்னால் இருந்தார்கள். சில வினாடிகளே மிச்சம். கொசு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிய எழும்ப, எதிரணிப் பெண் அவள் கையில் அடித்துவிட்டாள். மூன்று ஃப்ரீ த்ரோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

அடுத்த ஆட்டத்துக்கான கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. இருக்கை எண்ணைத் தேடினார்கள், பொட்டலம் பிரித்தார்கள், யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். கொசு கோட்டில் நின்று பந்தைத் தட்டினாள்.

அத்தையின் வலது கை தானாக மேலே போனது.

அவ்வளவுதான். இரண்டு பேருந்து ஆட்களும் கையைத் தூக்கி வாயை மூடிவிட்டார்கள். அத்தனை இரைச்சலுக்கு நடுவே அந்த ஒரு மூலை மட்டும் மயான அமைதி. கொசு சட்டென்று தலையைத் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு எறிந்தாள். பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது.

அத்தை கையை இறக்கினார். எழுந்து, களத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தன் ஆட்களைப் பார்த்தார்.

"கையை இறக்குங்க. பேசுங்க."

"என்ன அத்தை?" என்றாள் ஒரு மாணவி.

"பேசுங்கன்னேன். மேட்ச்சைத் தவிர எதையாவது பேசுங்க. சீக்கிரம்."

நூலகருக்குத்தான் முதலில் புரிந்தது. காவலாளியிடம் திரும்பி, "உங்க செருப்பு என்ன சைஸ்?" என்று கேட்டார். "எதுக்கு சார், வாங்கித் தரப் போறீங்களா?" என்றார் அவர். தட்டச்சுக்காரர் தன் பல்வலியை ஆரம்பித்தார். மாணவிகள் விடுதி இட்லியைத் திட்டத் தொடங்கினார்கள். அதற்கு யாரும் தூண்ட வேண்டியிருக்கவில்லை. தம்பி அக்காவின் பக்கம் சாய்ந்தார்.

"கிளம்பும்போது வாட்டர் ஹீட்டரை ஆஃப் பண்ணியா?"

"நீ பண்ணலையா?"

"நான் எதுக்குப் பண்றேன், நீதானே கடைசியா குளிச்ச?"

"அய்யோ, நான் தொடவே இல்லடா."

இது பேச்சுக்காகப் பேசியது இல்லை. இருவரும் உண்மையிலேயே சண்டையில் இறங்கிவிட்டார்கள். அதனால் இரண்டாவது பந்து உள்ளே போனதை அத்தை பார்க்கவில்லை. பலகையில் எண் மாறியபோதுதான் கண்டார். மூன்றாவதைப் பார்த்தார். கொசு இந்த மூலையைப் பார்க்கவில்லை, எதையுமே பார்க்கவில்லை. மூன்று முறை தட்டினாள், முழங்காலை மடித்தாள், எறிந்தாள். பந்து விளிம்பைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது.

எதிரணி மறுமுனைக்கு ஓடி எறிந்த கடைசிப் பந்து கூடைக்கு எட்டவில்லை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு அந்த மூலை போட்ட சத்தத்தை நல்லவேளையாக யாரும் அளக்கவில்லை.

உடை மாற்றும் அறைக்கு வெளியே கொசு ஈரத் தலையோடு வந்தாள். "முதல் த்ரோவுக்கு எதுக்கு அத்தை அப்படிப் பயமுறுத்துனீங்க? எழவு வீடு மாதிரி இருந்துச்சு. யாருக்கு என்ன ஆச்சோன்னு திரும்பிப் பார்த்தேன்."

"பழக்கதோஷம்டி. கை கேக்கல."

"அப்புறம் நல்லா சத்தமா இருந்துச்சு. என்ன பேசிட்டிருந்தீங்க?"

"உங்கப்பன்கிட்ட கேளு. வீட்டைக் கொளுத்திட்டேன்னு சொல்றான்."

தம்பி பக்கத்து வீட்டுக்காரரைப் போனில் பிடித்துக் கேட்டார். ஹீட்டர் அணைந்துதான் இருந்தது. யார் அணைத்தது என்பதில் அக்காவும் தம்பியும் திரும்பும் வழியெல்லாம் விட்டுக்கொடுக்கவில்லை. ஒருவர் மடியில் ஒருவர் காலைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் தூங்கினார்கள். அத்தை தூங்கவில்லை. தொண்டை கட்டாமல், புகார் வராமல், ஒரு ஆட்டத்தை இப்படி உட்கார்ந்து பார்த்தது அவருக்கே புதிதாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

அரையிறுதி ஞாயிற்றுக்கிழமை காலை, அதே பொது அரங்கில். அன்று அத்தைக்குக் கண்ணாடி அறையில் ஷிஃப்ட் இருந்தது. சக அறிவிப்பாளரோடு பேசி அதை மாற்றிக்கொண்டுவிட்டார்.